இடது மூலையில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

ஹாக்கி சீசன் முடிந்த மறுநாள் டிரைவரக்காவிடம் யாரும் வாய் கொடுக்கமாட்டார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி, சாப்பிட்டாச்சாக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேனில் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்குகிற இருபது பெண்களைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவதும் அவள் வேலை. வேன் வயிற்றுப்பாட்டுக்கு. ஹாக்கி மற்ற எல்லாவற்றுக்கும்.

பதினாறு வருடமாக ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். சொந்த நாத்தனார் கல்யாணத்திலிருந்து பாதியில் எழுந்து போய், இன்றுவரை அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கேலரியில் உட்காருகிற ரகமில்லை அவள். கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டினாற்போல ஒரு முக்காலி போட்டுக்கொள்வாள். பக்கத்தில் பீப்பீகாரர். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர். ஆட்டத்துக்கு வந்தால் ஒரு நீளமான ஊதலை எடுத்து ஊதி எதிரணியின் காதைக் கிழிப்பார். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும்போது இவர்கள் இரண்டு பேரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். இவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. எங்கே நம் கோல்கீப்பரோ அங்கே நாம்.

கோல்கீப்பருக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்தது ஊர். முப்பது வயது ஆள், வருடத்தில் எட்டு மாதம் ஹாக்கி, கோடையில் மரக்கடையில் பலகை அறுக்கிற வேலை. மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், டிரைவரக்கா சுவரின் ஹெல்மெட்டைப் பார்ப்பாள். கண்ணை எடுக்கமாட்டாள். பந்து எப்படியும் இவனிடம்தானே வரப்போகிறது, அதை நான் ஏன் துரத்த வேண்டும் என்பது அவள் கட்சி.

சீசன் முடிந்த நான்கு மாதமும் அவளுக்கு ஒரு வேலை உண்டு. வருடா வருடம் செய்வது. வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கிய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு பெரிய வெள்ளைத்தாளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கட்டம் போடுவாள். கட்டம் என்பது கோல். சுவர் பந்தைத் தடுத்த இடத்தில் நீலப் புள்ளி. பந்து உள்ளே போன இடத்தில் சிவப்புப் புள்ளி. சாயங்காலம் வேனை நிறுத்திக் கைகால் கழுவியதும் சமையலறை மேசையில் தாளை விரித்தாளானால், வெளியே வெயில் அடிப்பதும் புழுக்கமும் அவளுக்குத் தெரியாது. ஆட்டம் திரும்ப நடக்கும். எழுதி முடித்ததும் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைப்பாள். சேலை எடுக்கத் திறந்தால் பதினைந்து வருடத்துக் கோல்கள்.

இதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. கண்ணால் பார்த்த தடுப்புக்குத்தான் நீலப் புள்ளி. கேள்விப்பட்டதற்கெல்லாம் கிடையாது. கோல் விழுந்தால் மட்டும் வேறு சட்டம். கோலை மறைக்க முடியாதே, ஊரே அலறும். பார்க்காமல் தப்பிவிட்டால் பீப்பீகாரரிடம், எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டுப் புள்ளி வைத்துவிடுவாள். இந்தச் சின்னச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கோடையில் ஊரில் ஒரு ஃப்ரிட்ஜாவது அழாமல் இருக்காது என்பதால் அவர் வீட்டில் இருக்கிற நேரம் குறைவு. இருக்கிற நேரத்தில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "சீசன் முடிஞ்சும் உனக்கு ஆட்டம் முடியலையா" என்று கேட்டுக்கொண்டே தன் டிபன் டப்பாவை அவள் தாளுக்கு ஓர் அங்குலம் தள்ளி வைப்பார். ஓர் அங்குலம் கிட்டே வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் ஏழாவது வாரத்தில் தாள் நிறைந்தது. பதினெட்டு ஆட்டம், பதினெட்டுக் கட்டம். எழுந்து இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். போகிறபோது முக்காலி இடித்து இடது முழங்கால் விண்ணென்றது. அந்த முக்காலியை அங்கே வைத்ததற்காக வீட்டுக்காரரை ஒரு பாட்டம் திட்டினாள். ஆறு மாதமாக இந்த வீட்டில் எல்லாச் சாமானும் அவள் இடது காலுக்கு முன்னால்தான் வந்து நின்றன.

முதல் ஏழு கட்டங்களில் நீலமும் சிவப்பும் மூலைமுடுக்கெல்லாம் கலந்து கிடந்தன. எட்டாவதிலிருந்து ஒரு மாற்றம். கீழே இடது மூலை, அதாவது சுவரின் இடது கால் நிற்கிற இடம், அங்கே ஒரு நீலப் புள்ளி இல்லை. பதினோரு ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை. சிவப்பு மட்டும் இருந்தது. எண்ணினாள். ஒன்பது.

டிரைவரக்கா விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

ஒரு மரக்கட்டையைக் கொண்டுபோய் அந்த மூலையில் நிறுத்திவைத்தாலும் பத்துப் பந்தில் ஒன்று பட்டுத் திரும்பும். சுவர் மரக்கட்டையைவிட மோசமா? அந்தப் பக்கம் வந்த ஒரு பந்தைக்கூட அவன் தடுக்கவில்லை என்றால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். அந்தப் பக்கம் பந்து வருவதே அவனுக்குத் தெரியவில்லை.

உடனே ஏழாவது ஆட்டம் நினைவுக்கு வந்தது. அதை எப்படி மறப்பாள்? எதிரணிக்காரன் மூன்றடி தூரத்திலிருந்து ஓங்கி அடித்த பந்து சுவரின் ஹெல்மெட்டில் பட்டு, ஓட்டில் கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தார்கள், எழுந்தான், கையை ஆட்டிக் காட்டிவிட்டு ஆடினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளுக்குத்தான் மண்டை பிளக்கிற மாதிரி வலி. இடது கை ஒரு மணி நேரம் மரத்துக் கிடந்தது. பார்த்த அதிர்ச்சி என்று வீட்டுக்காரர் வெந்நீர் வைத்துக் கொடுத்துப் படுக்கச் சொன்னார்.

அந்த அடியில்தான் அவன் பார்வை போயிருக்கிறது. அவனுக்கே தெரியாமல் போயிருக்கிறது. டிரைவரக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹாக்கிப் பந்து கருங்கல் மாதிரி. வருவது தெரிந்தால்தான் கைக்கவசத்தையாவது முன்னால் நீட்டலாம். தெரியாத பக்கம் தொண்டையில் பட்டால்? அடுத்த சீசனுக்குப் பத்து வாரம் இருந்தது. அதற்குள்ளே இன்னொரு நினைப்பு வந்தது. பந்துக்காவது பத்து வாரம் இருக்கிறது. அவன் இப்போது மரக்கடையில், சுழல்கிற வாளுக்கு முன்னால் நிற்கிறான்.

மறுநாள் பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு நேரே மரக்கடைக்குப் போனாள். அலமாரித் தட்டுக்கு இரண்டு பலகை வேண்டும் என்று சாக்கு. கம்பெனி வாசலில் வண்டியைத் திருப்பும்போது இடது கண்ணாடி தூணில் உரசியது. இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. காவலாளி, தூண் அங்கேயேதான்மா நிக்குது, நடக்கலை என்றான். அவள் கியரை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மனசு பூராவும் சுவர்.

கடையில் காதை மூடிக்கொண்டு, மரத்தூள் பூத்த புருவத்தோடு அவன் பலகை தள்ளிக்கொண்டிருந்தான். வலது கை மேலே, இடது கை பலகையின் ஓரத்தில். வாள் பல்லுக்கும் அவன் இடது கட்டைவிரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவன் அவளைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினான். என்னக்கா, கோடையிலும் என் பின்னாடியே வந்து நிக்கிறீங்க, நான் இங்க கோல் ஒண்ணும் விடலையே என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அளவு சொன்னாள். அவன் மறுபடி வாளை ஓட விட்டதும், கையிலிருந்த அளவு நாடாவை வேண்டுமென்றே அவன் இடது காலுக்குப் பக்கத்தில் நழுவ விட்டாள்.

அவன் திரும்பவில்லை. குனிந்து பார்க்கவில்லை. நாடா அவன் செருப்போரத்தில் கிடந்தது.

வாள் ஓடும்போது கண்ணை எடுக்கிறவன் அந்தத் தொழிலில் பத்து விரலோடு இருக்கமாட்டான். நிதானமாக இருந்தால் இது டிரைவரக்காவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பயந்த மனசு தேடியதைத்தான் கண்டுபிடிக்கும். பலகையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது இடுப்பு எதிலோ மோதி, அடுக்கி வைத்திருந்த சட்டங்கள் சரிந்தன. அதைக்கூட எடுத்து வைக்காமல் வந்துவிட்டாள்.

யாரிடம் சொல்வது? பயிற்சியாளரிடம் சொன்னால் சுவரை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது நீயா என்று ஊர் கேட்கும். மரக்கடை முதலாளியிடம் சொன்னால் அந்த வேலையும் போகும். சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் அந்த விரல் பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்தால்? எட்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கடைத்தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மரக்கடைப் பக்கமா என்று காதைத் தீட்டினாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்துச் சொன்னார்.

"ஊருக்கு எதுக்குடி சொல்லணும்? அவன்கிட்டயே சொல்லு. அவன் கண்ணு, அவன் விரலு."

"கேட்டதும் உடைஞ்சு போயிடுவானேங்க."

"உடைஞ்சா நாம பக்கத்துல இருப்போம்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இன்னொன்றும் நடந்தது. இருபது பெண்களோடு வேன் பாலத்துத் திருப்பத்தில் இடதுபக்கம் ஒடித்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண், எப்போதும் தூங்கி வழிகிறவள், அன்றைக்கு நல்லவேளையாக விழித்திருந்தாள்.

"அக்கா, சைக்கிள்."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை, மூச்சாகத்தான் சொன்னாள். டிரைவரக்கா பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சைக்கிளில் ஒரு பெண், பின்னால் கேரியரில் ஒரு குழந்தை. சைக்கிள் சக்கரம் வேனின் இடது முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. குழந்தை வேனை அண்ணாந்து பார்த்தது. அந்தப் பெண் குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எங்கேருந்து வந்தா இவ என்று டிரைவரக்கா முணுமுணுத்தாள். எதிரேதான்கா வந்தா, ரொம்ப நேரமா என்றாள் பேக்கிங் பெண். டிரைவரக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் இந்தச் சுவர் கவலையால் வந்தது, இனி ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவர் தனியாக மைதானத்துக்கு வந்து ஓடுவான் என்று அவளுக்குத் தெரியும். தாளைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு போனாள். மைதானத்துக்காரர் சுவரிடம் கேட் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். கேலரி காலி. காய்ந்த தரையில் போன சீசனின் சுண்ணாம்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. சுவர் ஓடி முடித்து, கோல் கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் தாளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு பேசினாள். ஏழாவது ஆட்டத்து அடி, அதற்குப் பிறகு காணாமல் போன நீலப் புள்ளிகள், ஒன்பது சிவப்பு, மரக்கடையில் நழுவ விட்ட நாடா. அவன் முதலில் சிரித்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, எட்டாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த பயமும் அங்கே இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"அக்கா, எட்டாவது ஆட்டம். முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து. இந்த மூலைதான். இடது காலால தடுத்தேன். ஷூவுக்குள்ள நகம் பேந்துபோச்சு. பாருங்க."

ஷூவைக் கழற்றிக் காட்டினான். இடது பெருவிரலில் புது நகம் பாதிதான் முளைத்திருந்தது.

"நீங்க பின்னாடிதான் இருந்தீங்க. கை தட்டுனீங்க."

"எல்லாரும் தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"எதுக்குத் தட்டுறோம்னு தெரியாமயா?"

அவளுக்குக் கோபம் வந்தது. பார்க்காததை எழுதுகிறவள் நானில்லை, பதினாறு வருடத்து நோட்டு சாட்சி என்றாள். அவன் வாதாடவில்லை. பத்தாவது ஆட்டத்தில் இரண்டு, பன்னிரண்டாவதில் பெனால்டி கார்னர் ஒன்று, பதினைந்தாவதில் மட்டையால் தட்டிவிட்டது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். பந்து தடுத்தவனுக்கு ஒவ்வொன்றும் உடம்பில் நினைவிருக்கும். சொல்லச் சொல்ல அவள் கோபம் வடிந்து, அந்த இடத்தில் என்னவென்று தெரியாத ஒன்று குளிராக ஏறியது.

சுவர் எழுந்து, கம்பத்தோரம் கிடந்த தன் பையிலிருந்து பந்துகளை எடுத்தான்.

"அக்கா, வழக்கமா உக்கார்ற இடத்துல போய் நில்லுங்க. எப்பவும் போல என் தலையையே பாருங்க. நான் என் இடது காலுக்குப் பக்கத்துல ஒரு பந்தை உருட்டுவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க. கண்ணை மட்டும் அசைக்காதீங்க."

இது என்ன விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே வலைக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் முதுகைக் காட்டி கோலில் நின்றான். ஹெல்மெட் இல்லாத பின்னந்தலை, வியர்வையில் ஒட்டிய முடி. அதையே பார்த்தாள். எங்கோ ஒரு காக்கை கத்தியது. வெயில் கழுத்தில் சுட்டது. அவன் உடம்பு லேசாக அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இவன் என்ன சும்மா நிற்கிறான்?

"உருட்டேன்டா. எவ்வளவு நேரம் நிக்கறது?"

அவன் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"மூணு உருட்டிட்டேன்கா."

டிரைவரக்கா கண்ணைக் கீழே இறக்கினாள். அவன் இடது காலுக்குப் பக்கத்தில், வலையை ஒட்டி, மூன்று வெள்ளைப் பந்துகள் கிடந்தன. கண்ணை மறுபடி அவன் தலைக்கு ஏற்றினாள். பந்துகள் இல்லை. இருட்டாக இல்லை, மங்கலாகவும் இல்லை. அந்த இடத்தில் வெறும் தரை இருந்தது, அவ்வளவுதான். இறக்கினாள். மூன்று பந்துகள். ஏற்றினாள். தரை.

வலையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு விரலை அறுத்தது. முக்காலி, தூண், மரச்சட்டம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கடைசியாக அந்தக் குழந்தை வேனை அண்ணாந்து பார்த்தது. எதிரேதான்கா வந்தா, ரொம்ப நேரமா.

சுவர் ஓடிவந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தான். அவள் பேசிய முதல் வார்த்தை தன்னைப் பற்றியதாக இல்லை.

"நாளைக்குக் காலையில இருபது பேர் ரோட்டுல நிப்பாங்கடா. என்னை நம்பி."

புடவை முனையில் முடிந்திருந்த வேன் சாவியை அவிழ்த்தாள். முடிச்சு லேசில் அவிழவில்லை. வாங்கிக்கொண்டவன் அவளைத் தன் வலதுபக்கம் விட்டு நடத்திக்கொண்டு போனான். வெளியே வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்று, முதன்முறையாக அதன் இடது பக்கத்தை முழுசாகத் தலை திருப்பிப் பார்த்தாள். கதவிலிருந்து பின்சக்கரம் வரை கோடு கோடாகக் கீறல். அவளுக்குத் தெரிந்தது இரண்டு. அங்கே ஏழெட்டு இருந்தன.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றி எங்கே பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினாள். கொஞ்ச நேரம் வெளிச்சமே வரவில்லை. வராத நேரத்தில்தான் அவள் பயந்தாள், ஏனென்றால் இப்போது அவளுக்குத் தெரியும். வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும். காகிதத்தில் அச்சடித்து வந்தபோது இரண்டு கண்ணுக்கும் ஒரே இடத்தில், கீழே இடது மூலையில், கறுப்பு. அவள் போட்ட கட்டத்தில் நீலம் இல்லாத அதே மூலை.

டாக்டர் நடுவயசு அம்மாள். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு. கண்ணு பாக்கிறத வாங்கிக்கிற இடம் தலைக்குள்ள இருக்கு. அங்க ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சு, ஒரு ஓரம் அணைஞ்சுபோச்சு."

"அப்ப இருட்டாத் தெரியணுமே டாக்டர்?"

"உங்க முதுகுக்குப் பின்னால இப்ப இருட்டாவா இருக்கு? இல்லைல்ல. அப்படித்தான் இதுவும்."

இது எப்போது நடந்திருக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, யாருக்கும் சொல்லத் தெரியாது, பரவாயில்லை என்று அவரே பேனாவை மூடினார். டிரைவரக்கா தாளை விரித்தாள். ஏழாவது ஆட்டம் முடிந்த சாயங்காலம், மண்டை வலித்தது, இடது கை மரத்தது, தேதி இது என்றாள். டாக்டர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு கட்டங்களைப் பார்த்தார். மூடிய பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த கை அவருடையது.

போனது திரும்பாது. இன்னொன்று வராமலிருக்க மாத்திரை, உப்பைக் குறை, மாதாமாதம் வந்து காட்டு. தலையை இடதுபக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகு. வேன் கூடவே கூடாது.

பெண்களிடம் அவளே போய்ச் சொன்னாள். காலையில் புது டிரைவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, படியில் நின்று, எனக்கு இடதுபக்கம் தெரியலைம்மா, இத்தனை நாள் உங்களைத் தெரியாமலே ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் என்றாள். பேக்கிங் பெண் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடதுபக்கமாக வந்ததால், கை பட்டதும் டிரைவரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்து நின்றாள்.

கோடையில் இன்னும் ஆறு வாரம் மீதமிருந்தது. மரக்கடை மூடியதும் சுவர் தினமும் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் பார்க்காத தடுப்புகளை அவன் சொல்லச் சொல்ல, அவள் நீலப் பென்சிலால் வட்டம் போட்டாள். உள்ளே நிரப்பவில்லை. நடந்தது உண்மை, நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை, அதனால் காலி வட்டம் என்று சட்டம் திருத்திக்கொண்டாள். கீழே இடது மூலையில் மொத்தம் பத்தொன்பது வட்டம் வந்தது. இப்ப நான் மரக்கட்டையைவிடப் பரவாயில்லையாக்கா என்று சுவர் கேட்டான். வீட்டுக்காரர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு வட்டமும் அவளை நிமிர்ந்து பார்த்தது. பத்தொன்பது தடவை ஒரு கருங்கல் அவள் கண்ணெதிரே பாய்ந்து வந்திருக்கிறது. அவள் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் போன பிறகு, புதுத்தாள் ஒன்றை விரித்தாள். இந்தத் தடவை கோல் வரையவில்லை. வீட்டிலிருந்து கம்பெனி வரைக்கும் ரோட்டை வரைந்தாள். பாலத்துத் திருப்பம், பள்ளிக்கூட வாசல், கடைத்தெரு, கம்பெனித் தூண். ஏழாவது ஆட்டம் நடந்த நாளிலிருந்து சாவியைக் கொடுத்த நாள் வரை வேலைநாட்களை எண்ணி, காலையும் மாலையும் சேர்த்துப் பெருக்கினாள். பிறகு ரோட்டின் இடது ஓரத்தில் காலி வட்டம் போட ஆரம்பித்தாள். பாலத்தில் ஒன்று, அதற்குள் ஒரு பெண், ஒரு குழந்தை. பள்ளிக்கூட வாசலில் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? சும்மா ஒதுங்கி நின்றவர்கள், பின்வாங்கியவர்கள், யாருடைய சட்டையையோ பிடித்து இழுத்தவர்கள். அவர்கள் தடுத்தார்கள், அவள் பார்க்கவில்லை. போடப் போட ஓரம் முழுக்க வட்டமாக நிறைந்தது. பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது.

வீட்டுக்காரர் அவள் வலதுபக்கமாக வந்து, மேசையில் டிபன் டப்பாவை வைத்தார். தாளுக்கு ஓர் அங்குலம் தள்ளி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிவப்பு ஒண்ணுகூட இல்லையே" என்றார்.

சிவப்புப் பென்சிலைச் சீவித் தயாராகத்தான் வைத்திருந்தாள். எடுத்தாள். ரோட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அதைத் தாளின்மேல் தொடாமல் நகர்த்திக்கொண்டே போனாள், தலையை இடதுபக்கம் நன்றாகத் திருப்பி, ஒவ்வொரு வட்டமாக. எங்கேயும் வைக்க இடமில்லை. கடைசியில் பென்சிலை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு இடது ஓரத்துக்குப் போய் அவள் கண்ணிலிருந்து மறைந்தது. கீழே விழுகிற சத்தத்துக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் அதைக் கையில் பிடித்திருந்தார்.